நசுங்காத குண்டு

அந்தப் பைய மட்டும் காலால தள்ளாதீங்க தம்பி. உடையுற சாமான் ஒண்ணும் இல்ல. நாப்பத்தி மூணு குண்டு இருக்கு அதுல. பயப்படாதீங்க, வெடிக்கிற குண்டு வேற, இது வேற. இது ஈயம். பெரிய கோலிக்குண்டு கணக்கா இருக்கும். அந்தக் காலத்துல வெள்ளைக்காரக் கம்பெனிப் பட்டாளத்துக்காரன் துப்பாக்கி வாயில மருந்தையும் இதையும் போட்டு இடிச்சுச் சுடுவான். இருநூறு வருசத்துக்கு மேல எங்க ஊருக் கண்மாயிலயும் சுத்துப்பட்டு மண்ணுலயும் புதைஞ்சு கிடந்துச்சு. எடுத்தது நான். ஒத்த ஆளா எடுத்தேன்.

மதுரை வரைக்குந்தானே போறீங்க? நேரம் கிடக்கு. நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. ஊர்ல எவன்கிட்டயும் நியாயம் கேக்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். வெளியாளுதான் சரி.

என் பேரு முத்திருளாண்டி. பட்டாளத்துல பத்தொம்பது வருசம் இருந்தேன். எல்லையில கண்ணிவெடி தேடுற வேலை. காதுல மாட்டிக்கிட்டு, கம்பு நுனியில தட்டு மாதிரி ஒண்ணு இருக்கும், அதைத் தரையோட தரையா வீசிக்கிட்டே போகணும். கீழ இரும்பு கிடந்தா ஒரு சத்தம், பித்தளை கிடந்தா ஒரு சத்தம். தப்பாக் கேட்டா காலு போயிரும். பாருங்க, எனக்கு ரெண்டு காலும் இருக்கு. மண்ணுக்குள்ள என்ன கிடக்குன்னு சத்தத்தை வச்சே சொல்லிருவேன். மனுசனுக்குள்ள என்ன கிடக்குன்னும் எனக்குத் தெரியும். அந்த விசயத்துல நான் ஏமாந்ததே இல்ல.

ஊரு முள்ளடியேந்தல். கேள்விப்பட்டிருப்பீங்களே, குண்டுச்சாமி கோயிலு? பாத்தீங்களா, தலையாட்டுறீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அந்தப் பேரு பரமக்குடியைத் தாண்டாது. இப்ப மதுரைக்காரரு உங்களுக்கே தெரியுது. எனக்கு வயிறு எரியுது தம்பி, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

விசயம் இதுதான். கம்பெனிப் பட்டாளம் எங்க ஊருக்கு வந்தப்போ சூரக்காளைன்னு ஒருத்தர் நாப்பது அம்பது ஆளைச் சேத்துக்கிட்டுக் கண்மாய்க்கரையில நின்னு சண்டை போட்டாராம். நெஞ்சுல குண்டு வாங்கிச் செத்தாராம். அந்தக் குண்டை எடுத்து வெள்ளிச் சிமிழ்ல வச்சுக் கும்பிடுறாங்க. அதான் குண்டுச்சாமி. சூரக்காளை வகையறாவுக்குத்தான் கோயில்ல முதல் மரியாதை. இப்ப அந்த வீட்டுக்குப் பெரியவன் துரைச்சிங்கம். என் வயசுக்காரன், ஒண்ணாப் படிச்சவன். அவன் பேரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கும்.

செத்தவரு செத்தாரு, கும்பிடுறவன் கும்பிட்டுட்டுப் போகட்டும், உனக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. எங்க வம்சத்துல ஒச்சப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். அவருதான் மடைப்பக்கத்து ஒத்தையடிப் பாதையில பட்டாளத்தைக் கூட்டிக்கிட்டு வந்து ஊரைக் காட்டிக்கொடுத்தாருன்னு கதை. யாரு பாத்தா? எவனும் பாக்கல. ஆனா எங்க வீட்டுக்குப் பேரு வழிகாட்டி வீடு. வெளியூர்க்காரன் கேட்டா நல்ல பேருதானேம்பான். எங்க ஊர்ல அதைச் சொல்லும்போது பக்கத்துல காறித் துப்புவாங்க.

பேரோட விட்டாலும் பரவாயில்ல. மாசிக் களரியில, அதான் வருசா வருசம் சாமிக்கு நடக்குற திருவிழா, அதுல எங்க வீட்டு ஆம்பளை ஒருத்தன் வந்து நிக்கணும். சட்டை போடக்கூடாது, மேல துண்டு கிடக்கக்கூடாது. பொழுது சாய்ற நேரத்துக்குச் சிமிழைத் தூக்கிட்டு வருவாங்க. சூரக்காளை வீட்டுப் பெரியவன் தலையில பரிவட்டத்தோட எதுக்க நின்னு, "வழி காட்டினது யாரு?"ன்னு கேப்பான். இவன் "நான்தான்"னு சொல்லணும். மூணு தடவை கேள்வி, மூணு தடவை பதிலு. முடிஞ்சதும் ஒரு குடம் கலங்கல் தண்ணியை எடுத்துத் தலையில ஊத்துவாங்க. திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போயிரணும். திருநீறு கிடையாது, பொங்கச்சோறு கிடையாது. எவனோ என்னைக்கோ செஞ்சான்னு சொல்ற தப்புக்கு நேத்துப் பொறந்தவன் "நான்தான்"ங்கணும். இது எந்த ஊரு நியாயம்?

எங்கப்பா முப்பத்தோரு வருசம் சொன்னாரு. ஒரு வருசம் அவருக்கு நல்ல காய்ச்சல். எனக்குப் பதினோரு வயசு, கூட்டத்துல நின்னு பாக்குறேன். மூணு தடவையும் சொன்னாரு, ஆனா குரலு வரல, காத்துதான் வந்துச்சு. அப்ப துரைச்சிங்கத்தோட அப்பா சிரிச்சுக்கிட்டே, காதுல விழலையேப்பான்னு சொல்லிட்டு, நாலாவது தடவை கேட்டாரு. நாலாவது தடவை தம்பி. வழக்கம் மூணு. எங்கப்பா இருமிக்கிட்டே நாலாவது தடவையும் "நான்தான்"னாரு. கூட்டம் சிரிச்சுச்சு. துரைச்சிங்கம் அவங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், அவனும் சிரிச்சான். பதினோரு வயசுப் பயலுக்கு என்ன தெரியும்னு சொல்லாதீங்க. சிரிச்சான், நான் பாத்தேன்.

மூணு தடவை கேட்டதைக்கூட மன்னிச்சிருப்பேன். அந்த நாலாவதை மன்னிக்க முடியாது. அதுக்குக் கணக்குத் தீக்காம என் கட்டை வேகாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பதினெட்டு வயசுல பட்டாளத்துக்குப் போனேன். அதுக்கப்புறம் புனேயில ஒரு கம்பெனியில காவல் வேலை. ஊருக்கு லீவுல வந்தாலும் மாசியில வர மாட்டேன். அப்பா போன பிறகு என் சித்தப்பா மகன் தவசி போய் நின்னான். ஆடு வச்சிருக்கான், சாது, எறும்பை மிதிக்க யோசிப்பான். இந்த வருச மாசியோட இருபத்தி நாலு வருசம். மூத்தவன் நீ இருக்கும்போது அவன் ஏன் நின்னான்னு ஊர்ல சிலபேரு கேக்குறான். எனக்கு லீவு கிடைக்கல, அவ்வளவுதான்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஊரோட வந்து சேந்தேன். அந்த வருசம் மழை இல்ல. பங்குனியிலயே கண்மாய் வறண்டு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. கரையில நின்னு பாத்தேன். சண்டை நடந்தது இங்கதானே, சுட்டவன் சுட்டதெல்லாம் எங்க போயிருக்கும்? இதுக்குள்ளதானே கிடக்கும்? ஊரு வாயி நாளைக்கு ஒண்ணு சொல்லும். குண்டு விழுந்த இடத்துலதான் கிடக்கும், பொய் சொல்லாது. மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வரவழைச்சேன். கையில வாங்கினதுமே கை தானா வீச ஆரம்பிச்சிருச்சு.

முத வாரம் பூரா சோடா மூடியும் லாடமும்தான். அப்புறம் ஈயம் சத்தம் கேட்டுச்சு. தோண்டிப் பாத்தா, நடுவுல ஓட்டை. மீன் வலையில கட்டுற ஈயம். அதுவே ஒரு முப்பது கிடைச்சிருக்கும். கரையில போறவன் எல்லாம், பட்டாளத்தாரு புதையல் தேடுறாருன்னு கேலி பண்ணான். பண்ணிட்டுப் போங்கடான்னு விட்டுட்டேன். பத்தொம்பதாவது நாளு, ஒரு சாண் ஆழத்துல முதக் குண்டு. மேல சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா இருந்துச்சு. நெத்தியில வச்சுக் கும்பிட்டேன். சாமியைக் கும்பிடல, தப்பா நினைக்காதீங்க. ஆயுதம் கிடைச்சா கும்பிடுவோம்ல, அப்படி.

மதுரையில பழங்காசு சேக்குறவரு ஒருத்தர் இருக்காரு. அவருக்கிட்டக் கொண்டுபோய்ப் பாடம் கேட்டேன். அவரு சொன்னாரு, கம்பெனிக் குண்டு ஒரு அச்சுல வாத்தது, ஏறக்குறைய எல்லாம் ஒரே எடை இருக்கும், முப்பத்தோரு கிராம், முன்னப்பின்ன. நம்ம பாளையத்து ஆளுங்க குண்டு பெருசும் சிறுசுமா, கைக்கு வந்தபடி இருக்கும். அது முதப் பாடம். ரெண்டாவதுதான் முக்கியம். சுட்ட குண்டு எதுலயாவது பட்டு நசுங்கியிருக்கும். கல்லுல பட்டா தோசை மாதிரி ஆயிரும், எலும்புல பட்டாலும் ஒரு பக்கம் சப்பையாயிரும். ஈயம் மெத்துனு இருக்கும்ல. சுடாத குண்டு எது தெரியுமா? சுடுறவன் அவசரத்துல மருந்து இடிக்கும்போது கைதவறிக் கீழ விட்டது. அது உருண்டையா அப்படியே இருக்கும். அச்சு ரெண்டு பாதியும் சேந்த கோடு சுத்திவரத் தெரியும். ஈயம் ஊத்தின வாயில வெட்டி எடுத்த காம்புத் தழும்புகூடத் தெரியும். அப்ப உருண்டைக் குண்டு கிடக்குற இடத்துல சுட்டவன் நின்னிருக்கான். சப்பைக் குண்டு கிடக்குற இடத்துல அடி வாங்கினவன் நின்னிருக்கான். எவ்வளவு லேசான கணக்கு பாருங்க.

ஒரு குண்டுல பல்லுத் தடம் இருந்துச்சு. நான் என்ன நினைச்சேன், அடிபட்டவன் வலி தாங்காம கடிச்சிருக்கான்னு நினைச்சு ரெண்டு நாளு சோறு இறங்கல. காசுக்காரரு சிரிச்சாரு. பன்னி கடிச்சதாம். மேயும்போது ஈயத்தைக் கடிச்சுத் துப்புமாம். அதுல இருந்து எதையும் அவசரப்பட்டு நம்புறதில்ல.

ரெண்டு கோடை தேடினேன். ஒவ்வொண்ணையும் எடுத்த இடத்துல குச்சி நட்டு, அளந்து, தாளுல வரைஞ்சேன். பட்டாளத்து வரைபடம் தம்பி, நூல் பிசகாது. சப்பைக் குண்டு இருபத்தாறும் கரையடியில. உருண்டை பதினேழும் வடக்க, வண்டிப்பாதை மேட்டுல, வரிசையா. மடைப்பக்கத்துப் பாதையில பன்னெண்டு நாளு வீசினேன், ஒரு குண்டு கிடையாது. சுத்தம். அப்ப என்ன அர்த்தம்? பட்டாளம் வண்டிப்பாதையில நேரா வந்திருக்கு. ஊரே பாக்கப் பகல்ல வர்றவனுக்கு எவன் வழி காட்டணும்? அதோட, மடை வழியாக் கரைக்குப் பின்னாடி வந்து சுட்டிருந்தா முதுகுலல்ல பட்டிருக்கும், நெஞ்சுல எப்படிப் படும்? இருநூறு வருசமா இதை ஒரு பயலும் யோசிக்கல.

தவசிகிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் அந்தத் தாளைத் தடவிக் குடுத்தான், ஆட்டுக்குட்டியைத் தடவுற மாதிரி. "அண்ணே, அப்ப நம்ம ஆளு காட்டலையா?"ன்னு கேட்டான். காட்டலடான்னேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு அவனுக்கு. அன்னைக்கே போய்த் துரைச்சிங்கத்துக்கிட்டச் சொல்லியிருக்கான், வெகுளிப்பய.

மறுநாளு துரைச்சிங்கம் என் வீட்டுக்கு வந்தான். எங்க வீட்டு வாசப்படியை அந்த வீட்டுக்காரன் மிதிச்சது அதுதான் முதத் தடவை. நாற்காலியில உக்காந்து வரைபடத்தை வாங்கிப் பாத்தான். புரிஞ்சிருச்சு அவனுக்கு, படிச்சவன்ல. தவசியும் கூட நின்னான். துரைச்சிங்கம் மெதுவாச் சொன்னான்.

"இருளாண்டி, இந்த மாசியில இருந்து அந்தக் கேள்வியை நிறுத்திருவோம். கமிட்டியில நான் பேசிக்கிறேன். இந்தப் படத்தைக் காட்டியே பேசுறேன். உங்க வீட்டுக்குத் திருநீறு நானே தர்றேன்."

அவனாச் சொன்னான் தம்பி. நான் கேக்கல. தவசி என் கையைப் பிடிச்சுக்கிட்டான், ஒத்துக்கண்ணே, ஒத்துக்கண்ணேன்னு. ஆனா எனக்குச் சட்டுனு பிடிபட்டுப் போச்சு. இவன் பயந்துட்டான். பயந்தவன்கிட்ட சமாதானம் பேசலாமா? பட்டாளத்துல அப்படிச் சொல்லித்தரல. நான் கேட்டேன், கேள்வியை நிறுத்துறது இருக்கட்டும், சிமிழ்ல இருக்குற குண்டை நான் பாக்கணும், நெஞ்சுல பட்டதுன்னா நசுங்கியிருக்கும், காட்டுன்னேன். அவன் மூஞ்சி மாறிருச்சு. அது சாமி இருளாண்டி, அதைத் தொடாதேன்னான். உங்கப்பன் எங்கப்பனை நாலாவது தடவை கேட்டானே, அப்ப எங்கடா போச்சு சாமின்னு கேட்டேன். அவன் வரைபடத்தை மடிச்சு வச்சான். அப்புறம், "அது தப்புதான். எனக்கும் ஞாபகம் இருக்கு"ன்னான். எந்திரிச்சுப் போயிட்டான்.

ஞாபகம் இருக்காம். பாத்தீங்களா திமிர.

தை மாசம் கமிட்டிக் கூட்டத்துல எந்திரிச்சேன். ஊரே உக்காந்திருக்கு. வரைபடத்தை எடுக்கல. அது என் பையிலேயே இருக்கட்டும், முதல்ல இவன் சாமியை உடைக்கிறேன், அப்புறம் மத்தது பேசலாம்னு நினைச்சேன். சிமிழைத் திறக்கச் சொன்னேன். முடியாதுன்னாங்க. பயமான்னேன். ஒரு ஊரைப் பாத்து அந்த ஒரு வார்த்தை கேட்டாப் போதும். பூசாரி வேலு போய்ச் சிமிழை எடுத்துட்டு வந்தாரு. குண்டு மேல இருநூறு வருசத்துச் சந்தனமும் எண்ணெயும் சேந்து எலுமிச்சம்பழம் கணக்கா இருக்கு. வெந்நி வச்சுக் கழுவினாரு.

உருண்டை. சொல்லி வச்ச மாதிரி உருண்டை. சுத்திவரக் கோடு, காம்புத் தழும்பு, ஒரு கீறல் கிடையாது. நகைக்கடைத் தராசு கொண்டு போயிருந்தேன், வச்சேன், முப்பத்தோரு கிராம். கம்பெனிக்காரன் வண்டிப்பாதை மேட்டுல கைதவறி விட்ட குண்டு. எவனோ பொறுக்கிட்டு வந்திருக்கான், அதைத்தான் இவ்வளவு காலமாக் கும்பிட்டிருக்காங்க. நான் எல்லாருக்கும் தூக்கிக் காட்டிச் சொன்னேன், இது சுடாத குண்டு, யாரு மேலயும் படாத குண்டு, பட்டிருந்தா நசுங்கியிருக்கும், இவங்க சூரக்காளை நெஞ்சுல இது பட்டதே இல்லன்னு. துரைச்சிங்கம் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தான். தம்பி, என் கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோசமா இருந்ததில்ல.

அப்ப பூக்கட்டி விக்கிற பஞ்சவர்ணம் முன்னாடி வந்தா. குண்டைக் கிட்ட வந்து பாத்தா. பட்டா நசுங்கணுமான்னு கேட்டா. ஆமா, கண்டிப்பா நசுங்கணும்னேன். கல்லுல பட்டாலும், எலும்புல பட்டாலுமான்னா. எதுல பட்டாலும்னேன். கையெடுத்துக் கும்பிட்டா.

"அப்ப அந்த நெஞ்சுல பட்டும் நசுங்கல. பூவை வாங்குற மாதிரி வாங்கியிருக்காரு எங்கய்யா."

போச்சு. குலவை போட்டா ஒருத்தி. பூசாரி சூடத்தை ஏத்திட்டாரு. ஆம்பளைங்க எல்லாம் சட்டையைக் கழட்டிட்டு விழுந்து கும்பிடுறாங்க. நான் கத்துறேன், அட மடையன்களா, படலன்னு சொல்றேன், படலன்னு. எவன் காதுலயும் ஏறல. ஒருத்தன் என்னையே கட்டிப்பிடிச்சு, இத்தனை வருசம் சந்தனத்துக்குள்ள மூடிக் கிடந்த அற்புதத்தை நீங்கதான்யா காட்டினீங்கன்னு அழுகுறான். எவனோ போன்ல படம் பிடிச்சு விட்டுட்டான். நசுங்காத குண்டு, நசுங்காத குண்டுன்னு மறுவாரமே வேன் வருது. நான் சொன்ன எடை, நான் சொன்ன அச்சுக்கோடு, எல்லாத்தையும் போர்டுல எழுதி வச்சிட்டாங்க. ஆராய்ச்சியில நிரூபிக்கப்பட்டதாம். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டான்னு ஊர்ல பேசுறான். பேசட்டும்.

பத்து நாளு கழிச்சு வரைபடத்தைத் தூக்கிட்டுக் கமிட்டிக்குப் போனேன். ஒருத்தன்கூட வாங்கிப் பாக்கல. நம்ம சாமி இல்லன்னு சொன்ன ஆளு கொண்டுவந்த தாளை எப்படிப்பா நம்புறதுன்னாங்க. துரைச்சிங்கம் மட்டும் கேள்வியை நிறுத்தலாம்னு பேசிப் பாத்தான். கூட்டம் இவ்வளவு வர்றப்ப எப்படிய்யா நிறுத்துறது, துரோகி இல்லாம கதை நிக்குமான்னு அவனையே அடக்கிட்டாங்க. அவன் நடிச்சிருப்பான். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

அந்த மாசிக் களரிக்கு மேடை போட்டாங்க. மைக்கு வச்சாங்க. முன்னாடி இருநூறு பேருக்கு முன்னாடி சொன்னதைத் தவசி மூவாயிரம் பேருக்கு முன்னாடி சொன்னான். "நான்தான்"னு சொல்றது ஒலிபெருக்கியில அடுத்த ஊரு வரைக்கும் கேட்டுச்சு. தண்ணி ஊத்துறதை நூறு பேரு படம் எடுத்தான். அந்தப் படத்தை அவன் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்துட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னுட்டாங்க. அந்தப் புள்ள ஒரு மாசம் வெளிய வரல. எனக்கு அந்த மாப்பிள்ளை வீட்டையே முதல்ல இருந்து பிடிக்காது, அது வேற விசயம். தவசி என் வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டான். எதிர்ல பாத்தாலும் ஆட்டைப் பாத்துக்கிட்டே போயிருவான்.

நான் சும்மா இருக்கல. இந்த வருச மாசிக்கு, மேடையிலேயே ஏறி மைக்கைப் பிடுங்கி எல்லாத்தையும் உடைச்சுப் பேசிரணும்னு முடிவு பண்ணேன். இதே பையில இந்தக் குண்டு அத்தனையும், வரைபடத்தைப் பெருசாப் போட்டு எடுத்துக்கிட்டு, பட்டாளத்து மெடலைச் சட்டையில குத்திக்கிட்டு முன்வரிசையில போய் நின்னேன். அஞ்சாயிரம் பேரு இருக்கும். தவசி மேல துண்டு இல்லாம நிக்கிறான். வயசாயிருச்சு அவனுக்கு, விலா எலும்பு எண்ணலாம். அது அப்பத்தான் என் கண்ணுல பட்டுச்சு. துரைச்சிங்கம் பரிவட்டத்தோட வந்தான். அவனுக்கும் சந்தோசம் இல்ல மூஞ்சியில, கடனேன்னு நிக்கிறான். மைக்குல கேட்டான்.

"வழி காட்டினது யாரு?"

தவசி கூட்டத்தைப் பாத்தான். ஒவ்வொரு ஆளாப் பாத்துக்கிட்டே வந்தான், ஆட்டை எண்ணுவான்ல சாயங்காலம், அந்த மாதிரி. என்மேல வந்து கண்ணு நின்னுச்சு. கையை நீட்டினான்.

"எங்க அண்ணன்தான்."

மைக்குல சொன்னான் தம்பி. அஞ்சாயிரம் பேருக்கு முன்னாடி. கோவமாக்கூடச் சொல்லல. கடைக்கு எப்படிப் போகணும்னு கேட்டவனுக்குச் சொல்ற மாதிரி சொன்னான். கூட்டம் திரும்புது. என்னைச் சுத்தி நின்னவன் எல்லாம் நகந்துட்டான், நடுவுல நான் மட்டும் நிக்கிறேன், மெடலோட. துரைச்சிங்கம் தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு மேடையை விட்டு இறங்கி என் முன்னாடி வந்து நின்னான். நான் அசையல. ஊத்துடா பாப்போம்னு நின்னேன். ஊத்தியிருந்தா அவன் மேல ஒரு கேஸாவது போட்டிருக்கலாம். அவன் என்னைப் பாத்தான், குடத்தைத் தரையில வச்சான், திரும்பித் தவசிகிட்டப் போனான். அவன் நெத்தியில திருநீறு பூசி, பொங்கச்சோத்தை வாழை இலையில வாங்கிக் கையில குடுத்து, போப்பா, இனிமே நீ வரவேண்டாம்னு அனுப்பி வச்சான். தவசி அந்தச் சோத்தை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு என்னைத் தாண்டித்தான் போனான்.

மேடை ஏறல, மைக்கைப் பிடுங்கல. பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியில ஒருத்தன்கூடச் சிரிக்கல. சிரிச்சிருந்தாலும் தேவலை.

இப்ப எதுக்கு மதுரைக்குப் போறேன்னு கேட்டீங்கன்னா, வக்கீலைப் பாக்கத்தான். மானநஷ்டக் கேஸு. போன்ல பேசினப்பவே வக்கீல் கேட்டாரு, யாரு மேல போடணும், அந்தத் துரைச்சிங்கம் மேலயா, கோயில் கமிட்டி மேலயான்னு. துரைச்சிங்கம் எதிரி சார், எதிரி எதிரி மாதிரிதான் இருப்பான், அவனைப் பிறகு பாத்துக்கலாம், முதல்ல தவசி மேல போடுங்கன்னு சொல்லிட்டேன். தவசிங்கிறது யாருன்னாரு. தம்பின்னேன். தம்பி மேலயான்னு ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாரு. நீங்களும் அப்படித்தான் பாக்குறீங்க. ஏன் தம்பி, நான் கேக்குறது நியாயமா இல்லையா? இருபத்தி மூணு வருசம் வாயைத் திறக்காம எனக்குப் பதிலா அங்க போய் நின்னவன், இன்னும் ஒரே ஒரு வருசம் பொறுத்துக்கிட்டு நிக்கக்கூடாதா?